தை மாதம் வரை திருமணமாகாதவள்

ஹல்தார் பாபுவின் டைப்ரைட்டரில் ஆங்கில ‘இ’ எழுத்து பாதிதான் விழும். அதைத்தான் முதலில் கவனித்தேன். பத்திரிகை அலுவலகத்தில் எட்டு வருஷம் பிழை பார்த்த கண். எதிரே என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டு எழுத்து எப்படி விழுகிறது என்று பார்க்கும்.

இடம், அலிப்பூர் நீதிமன்ற வளாகம். தார்ப்பாய்க்குக் கீழே வரிசையாக டைப்பிஸ்டுகளின் மேஜைகள். தை மாதத்து இளம் வெயில். பக்கத்து மேஜையில் யாரோ கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அப்பா முத்திரைத்தாளை மடியாமல் ஒரு பழைய ரயில்வே கால அட்டவணைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஹல்தார் பாபு அடித்தார்.

இன்ன தேதியில், இன்ன மண்டபத்தில், என் மகளின் திருமணம் இந்து முறைப்படி நடந்தது. அதுவரை வந்ததும் அவர் விரல்களை நிறுத்தினார்.

“ஆகே பியே ஹொய் நி தோ?” என்று கேட்டார். இதற்கு முன்னால் கல்யாணம் எதுவும் ஆகவில்லையே? அதையும் ஒரு வரி போட்டுவிடுவது வழக்கமாம். கான்சுலேட்டுக்குப் போகிற தாள் என்றால் நல்லதாம்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “நா, நா” என்றார் அவரிடம். பிறகு தமிழில், “எழுதச் சொல்லு.”

நான் சொன்னேன். மேற்படி நாள் வரை அவர் திருமணமாகாதவர் என்று உறுதி கூறுகிறேன். ஒரு சொல் கூடுதல் இல்லை, ஒரு சொல் குறைவில்லை.

“பா! சுந்தொர் இங்கிரிஜி” என்றார் ஹல்தார் பாபு. அழகான இங்கிலீஷ்.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை மறைத்துவிட்டு இந்த அத்தியாயத்தை எழுதுவதில் அர்த்தமில்லை.

என் தங்கை சுகுணாவுக்கு அன்றைக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் முடிந்திருந்தது.

ஜன்னலோரப் புட்டிகள்

சில வாரங்களுக்கு முன் இந்தத் தொடரில் எங்கள் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸைப் பற்றி எழுதியபோது, சமையலறை ஜன்னலில் பூஞ்சை வளர்த்த தங்கையைப் பற்றி ஒரு வரி வந்தது. அவள் என்ன ஆனாள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இனித் தள்ள முடியாது.

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நானும் சுகுணாவும் பிறந்தது ஹவுரா. அப்பா ரயில்வே தலைமை அலுவலகத்தில் அதிகாரியான பிறகு கார்டன் ரீச்சுக்கு வந்தோம். காலையில் ஆற்றுப் பக்கமிருந்து கப்பல் தளத்துச் சங்கு கேட்கும். அதை வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள்.

சுகுணா தாவர நோய்கள் படித்தாள். சணல் தண்டு எப்படி அழுகுகிறது என்பது அவளுடைய கேள்வி. அழுகிய தண்டுத் துண்டுகளைப் புட்டிகளில் போட்டு ஜன்னலில் வரிசையாக வைப்பாள். கறுப்பாக, மெல்லிய வெல்வெட் மாதிரி ஏதோ படரும். ஈர மண் வாசனை அடிக்கும்.

“ஏட்டி, இத எவனாவது ஊறுகான்னு தொட்டு நக்கிரப் போறான்” என்பாள் அம்மா. ஆனால் தூசி விழாமல் புட்டிகளின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்தவளும் அவள்தான்.

சுகுணாவுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. படிப்பு உதவித்தொகையும், ஒரு வருஷத்துக்கு மாணவர் விசாவும். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. என் கோபம் அந்த நாட்டின் மேல் இல்லை. அங்கே திருப்பிவிட வாசகருக்கு ஒரு வழியை வைக்க எனக்கு விருப்பமில்லை.

டம்டம் விமான நிலையத்துக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையே வந்தது. எதிர்வீட்டு போஸ் மாஷிமா சந்தேஷ் மிட்டாய் டப்பா கொடுத்தார். அப்பா புதிதாகத் தைத்த கோட்டில் நின்றார், போகிறவர் அவரே என்பது போல.

அலுவலக முகவரிக்கு ஒரு கடிதம்

அவள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களை அப்பா உரக்கப் படிப்பார். கேட்க வரிசையிலிருந்து ஆட்கள் வருவார்கள். பனி எப்படி இருக்கும், பால் என்ன விலை, எல்லாம் பொதுச்சொத்து. அதனால் அந்த ஒரு கடிதத்தை அவள் என் அலுவலக முகவரிக்கு அனுப்பினாள்.

போன வெள்ளிக்கிழமை கணபதியும் அவளும் அங்கே நகராட்சி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாட்சி, அவளுடைய ஆய்வகத் தோழியும் கணபதி குடியிருந்த வீட்டுக்காரரும். மாணவர் குடியிருப்பில் தம்பதிகளுக்குத்தான் சேர்ந்து இருக்க வீடு தருவார்கள். ஊருக்கு வந்து கல்யாணம் நடத்த இரண்டு பேருக்கும் லீவு இல்லை. ‘அப்பாட்ட நீ பக்குவமா சொல்லு அண்ணே’ என்று முடித்திருந்தாள்.

கணபதியும் மாணவர் விசாவில் போனவன்தான். ஜாம்ஷெட்பூரில் வளர்ந்த தமிழ்ப் பையன். எங்கள் ஆட்கள். எங்கள் ஜில்லா. அப்பாவே ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தாலும் கடைசியில் அவன் வீட்டு வாசலில்தான் போய் நின்றிருப்பார். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளையில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

குறை, மேளம் கொட்டவில்லை என்பது.

“ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டா கல்யாணமா?” என்றார் அப்பா. “நான் ஒரு நாளைக்கு நூறு கையெழுத்துப் போடுதேன்.”

சித்தப்பா வங்கியில் அதிகாரி. எங்கள் குடும்பத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அந்த வழியில் போனால் இன்னொரு சிக்கல் வரும். “அண்ணாச்சி, நான் சொல்லுதத கேளுங்க. இது யாருக்குத் தெரியும்? நமக்கு மட்டுந்தான? அப்ப நடக்கலன்னு வச்சுக்கிடுங்க. பிள்ளைய வரச்சொல்லி ஜாம்ஜாம்னு ஒரு கல்யாணத்த நடத்திருவோம்.”

“அங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான இருக்காக?” என்றாள் அம்மா.

“நீ பேசாம இரி” என்றார் அப்பா.

நான் என்ன சொன்னேன்? கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திருவளர்செல்வி யாரு?

டிசம்பரில் அவளுக்கு மூன்று வாரம் விடுமுறை. ஜனவரி முதல் வாரத்தில் கல்லூரி திறந்துவிடும். வந்த அன்றைக்கே ஒரு கோவிலில் மாலை மாற்றிவிட்டுப் புது விசாவை வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று எழுதினாள். பழைய விசாவின் ஒரு வருஷம் முடிந்திருந்தது. புது முத்திரை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

“மார்கழில யாராவது கல்யாணம் வப்பாகளா?” என்றார் அப்பா. சித்தப்பாவும் அதையே சொன்னார். தை பிறக்கட்டும், முதல் முகூர்த்தம்.

எட்டு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்த கல்யாணத்துக்கு, மாதம் சரியில்லை என்று காத்திருந்தோம். கல்லூரி திறந்தது. சுகுணா பேராசிரியருக்குத் தந்தி கொடுத்தாள்.

அழைப்பிதழ் அச்சாகி வந்த அன்று அவள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணே, யாரு இந்தத் திருவளர்செல்வி? எனக்குத் தெரிஞ்ச பொண்ணா?”

“சும்மா இருட்டி.”

“இல்ல, அவளப் பாத்தா சொல்லு. அவ புருஷன் ஒருத்தன் அங்க பாத்திரம் தேச்சுக்கிட்டு இருக்கான்னு.”

அவளுக்கு அப்போது அது சிரிப்புத்தான். அப்பாவின் ஆசை, ஒரு நாள் கூத்து, பட்டுப்புடவை கட்டினால் முடிந்தது என்று நினைத்தாள்.

தெற்குக் கல்கத்தாவில், ஏரிப் பக்கம் மண்டபம். முந்நூறு பேர். முகூர்த்த நேரத்தில் லோட்ஷெட்டிங், மின்வெட்டு. விளக்கு அணைந்து, மைக் செத்து, நாகஸ்வரம் மட்டும் தனியாகக் கேட்டது. கணபதி ஹோமச் சூட்டில் வேர்த்து வழிய மூன்று முடிச்சுப் போட்டான். போஸ் மாஷிமா உலு போட்டார், நம் குலவை மாதிரி. அப்பா அழுதார். நாலாம் நாள் கணபதி விமானம் ஏறினான். அவனுடைய விசாவில் இன்னும் காலம் இருந்தது.

சுகுணா பத்து நாளில் பின்னாலேயே வந்துவிடுவாள் என்று ஏற்பாடு.

ஆல்பத்துக்குக் கீழே

கல்யாணமானவள் விசா கேட்டால் சான்று வைக்க வேண்டும். நகராட்சித் தாளை இல்லை என்று வைத்துக்கொண்ட பிறகு, அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த சான்று மூன்று. பத்திரிகை, ஆல்பம், பெண்ணைப் பெற்றவர் சத்தியம் செய்து கொடுக்கும் அஃபிடவிட். “மூணையும் வச்சுக் குடுத்தா கேள்வியே கேக்கமாட்டான்” என்றார் சித்தப்பா. அவர் வங்கியில் பாஸ்புக்கில் பெயர் மாற்ற அதுவே போதுமாம்.

அப்படித்தான் அலிப்பூர் போனோம்.

விசா விண்ணப்பத்தை சுகுணா தானே நிரப்பினாள். திருமணமானவரா? ஆம். தேதி? நகராட்சி அலுவலகத்தின் தேதி. அவள் கல்லூரியிலும் குடியிருப்பிலும் எழுதிக் கொடுத்திருந்தது அதுதானே. அவள் அதை எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்கு அது தோன்றவே இல்லை. நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டது அவர்களுக்குள் நடக்காமலே போய்விட்டிருந்தது.

எனக்குத் தோன்றியது. இரண்டு தாளிலும் இரண்டு தேதி. செய்தியில் இப்படி வந்தால் நான் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். ஆனால் அப்பாவிடம் போய் அதைச் சொல்வதற்கு, அந்தத் தேதியை அவர் முன்னால் உச்சரிக்க வேண்டும். கான்சுலேட்டில் யார் இவ்வளவு கூர்ந்து படிக்கப்போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூர்ந்து படிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

பெரிய உறையில் அழைப்பிதழை வைத்தேன். அஃபிடவிட்டை வைத்தேன். அதற்கு மேல் ஆல்பம்.

“இதுல என்னெல்லாம் இருக்கு?” என்று கேட்டாள்.

“பத்திரிகை, ஆல்பம். அப்பா குடுத்த ஒரு லெட்டர்.”

“படிக்கணுமா?”

“வேண்டாம்.”

“நீ பாத்துட்டல்லா, போதும்” என்று உறையை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு தேதி

கான்சுலேட் வாசலில் எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். உறை கையில் இருந்தது. அஃபிடவிட் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

“சின்னப் பையன் அண்ணே. என் வயசுதான் இருக்கும். ரொம்ப மரியாதையா பேசினான். ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சான். மேடம், இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, அதுல உங்க அப்பா சத்தியம் பண்ணியிருக்காரு. நான் யார நம்பணும்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்ன?”

“அப்பா பொய் சொல்லுதாருன்னு சொல்லவா? விசா இல்லைன்னுட்டான். இந்தத் தாளை எழுதினவரே இது தப்புன்னு எழுதிக் குடுத்தா திரும்ப வாங்கன்னான்.” அஃபிடவிட்டை என் முன்னால் நீட்டினாள். “இத யாரு எழுதினா?”

தாளில் பாதி விழுந்திருந்த ‘இ’ எழுத்துகளைப் பார்த்தேன்.

“தூர்” என்றாள், நாம் ‘சே, போ’ என்பதை வங்காளத்தில் சொல்வதுபோல. “நீதான். அப்பாவுக்கு இவ்ளோ நல்லா வராது.”

அப்பா சொன்னதெல்லாம்

அப்பா இன்னொரு அஃபிடவிட் கொடுத்தால் முடிந்தது. ஒரு தாள், ஒரு காலைப்பொழுது.

“நான் பொய் சொன்னேன்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதணுமாக்கும்?” என்றார். மறுவாரம், “எம் மக கல்யாணமாகாம ஒருத்தன்கூட எட்டு மாசம் இருந்தான்னு எழுதணுமா?” என்றார்.

“கல்யாணம் ஆகித்தாம்பா இருந்தேன்” என்றாள் சுகுணா. “அதத்தான் எழுதச் சொல்லுதேன்.”

“வரிசைல நாலு பேரு காறித் துப்புவான்.”

அவருக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. பொய்ச் சத்தியம் குற்றம். வேலைக்கு ஆபத்து வரலாம். அந்தப் பயம் நியாயமானது. அதைச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு கோபத்தோடு எழுதமாட்டேன். எட்டு மாதத்தில் அவர் ஒருமுறைகூட அதைச் சொல்லவில்லை. மானம், மானம் என்றுதான் சொன்னார்.

நான் போய், அந்த வரியை எழுதியவன் நான், தெரிந்தே எழுதினேன் என்று ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம். பலித்திருக்குமோ என்னவோ. என் பத்திரிகை என்ன சொல்லுமோ என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனியில் ஆய்வகத் தோழி எழுதினாள். சுகுணாவின் பூஞ்சைகளை மாற்றி வளர்க்க ஆளில்லை, பாதி காய்ந்துவிட்டன. ஆனியில், மழை இறங்கிய வாரம், பேராசிரியரின் கடிதம் வந்தது. மிகவும் வருந்துவதாகவும், இனியும் காத்திருக்க முடியாது என்றும், இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும்.

அன்றைக்கு அவள் ஜன்னலில் இருந்த புட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினாள். மழைத் தண்ணீரில் கறுப்பாகக் கொஞ்ச தூரம் போனது. காலிப் புட்டிகளைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தாள். “ஊறுகா போட்டுக்கோ” என்றாள்.

சுண்டல்

துர்க்கா பூஜை நாட்களில் கல்கத்தாவில் பத்திரிகை வராது. அதனால் நான் வீட்டில் இருந்தேன். வெளியே பந்தலில் தாக் மேளம். உள்ளே எங்கள் ஐந்து படிக் கொலு. மாலை வேளை, பத்துப் பன்னிரண்டு பெண்கள். கூடத்து மூலையில் அப்பாவும் சித்தப்பாவும் நாற்காலியில்.

அப்பாவோடு வேலை பார்ப்பவரின் மனைவி ராஜம் மதினி கேட்டாள். “என்ன மதினி, சுகுணா எப்பப் போறா? மாப்பிள்ளை அங்க தனியால்லா கெடக்காரு?”

விசா தாமதம் என்பதுதான் எட்டு மாதமாக எங்கள் பதில். அம்மா சுண்டல் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

“அவளுக்குப் போன வருஷமே அங்க ரிஜிஸ்டர் கல்யாணம் ஆயிட்டு. இவுக அத மறைச்சு, தையிலதான் கல்யாணம்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாக. அதான் விசா இல்ல. பொய் சொன்னது இவுக. அடஞ்சு கெடக்கது எம் மவ.”

அறையே உறைந்து போனது என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை.

“அது தெரியும்லா” என்றாள் ராஜம் மதினி, மென்றுகொண்டே. “ஜாம்ஷெட்பூர்ல கணபதியோட பெரியம்மை வீடும் எங்க அக்கா வீடும் அடுத்தடுத்துத்தான். போன வருஷம் ஆனியிலயே சொல்லிட்டாக. நீங்களா சொல்லாம நாங்க எப்படிக் கேக்கதுன்னு இருந்துட்டோம்.”

“கல்யாணத்தன்னைக்கே பேசிக்கிட்டோமே” என்றாள் இன்னொருத்தி. “பொண்ணு என்னா தைரியமா நிமிந்து உக்காந்திருக்கா, பழகின மாப்பிள்ளைன்னு.”

சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை. பிறகு ஒருத்தி, சுண்டலில் இஞ்சி போட்டிருக்கிறதா என்று கேட்டாள்.

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சித்தப்பா கொலுவில் இருந்த செட்டியார் பொம்மையை முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்நூறு பேர் வந்து சாப்பிட்டுப் போன மண்டபம். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றை அத்தனை பேரிடமிருந்தும் காப்பாற்ற ஒருத்தியின் படிப்பைக் கொடுத்திருக்கிறோம். அந்த மானத்தை யாரும் கேட்கவே இல்லை. கேட்காததை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றோம். எத்தனையோ வருஷம் கழித்தும் எனக்கு ஆறாத இடம் அதுதான். ஊர் கொடுமையாக இருந்திருந்தால் ஊரைத் திட்டியிருப்பேன். ஊர் சுண்டல் தின்றுகொண்டிருந்தது.

மறுபடி ஹல்தார் பாபு

பூஜை விடுமுறை முடிந்து கோர்ட் திறந்ததும் அப்பா தானாகவே கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. நானே பின்னால் போனேன். இந்தத் தடவை அவரே சொன்னார். அவருடைய ஆங்கிலம் ரயில்வே ஆங்கிலம், இரண்டு இடத்தில் இடறியது. நான் திருத்தவில்லை. ஹல்தார் பாபு எதையும் பாராட்டவில்லை. ‘இ’ எழுத்து இன்னும் பாதிதான் விழுந்தது.

அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் ஏதும் கேட்கவில்லை.

ஆனால் சுகுணாவுக்கு மாணவர் விசா கேட்க இப்போது கல்லூரி இல்லை. கணவனோடு போய் இருக்க மனைவிக்குத் தரும் விசாதான் கிடைக்கும். அதில் போனால் படிக்க அனுமதி இல்லை. கணபதி எழுதியிருந்தான்: ‘எப்படியாவது வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.’ பிறகு இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள்.

விண்ணப்பம் வந்த காலை. அப்பா ஜன்னலருகே நின்று எதிர்வீட்டு மாஷிமாவிடம், “மேயே ஷொஷுர்பாரி ஜாச்சே” என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண் புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அவர் குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது.

சுகுணா படிவத்தை என் பக்கம் தள்ளினாள். “நீயே எழுது அண்ணே. உனக்குத்தான் நல்லா வருமே.”

பெயர். பிறந்த இடம், ஹவுரா. திருமணத் தேதி, நகராட்சி அலுவலகத்தின் தேதி. எழுதிக்கொண்டே வந்தேன். தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது. போன படிவத்தில் அந்த இடத்தில் அவள் கையெழுத்தில் ‘மாணவி’ என்று இருந்தது எனக்குத் தெரியும்.

“என்ன யோசிக்க? ஹவுஸ்வைஃப்னு போடு. உண்மைய மட்டும் எழுதணும்னு மேல போட்டிருக்கான்ல?”

எழுதினேன்.

அவள் தாளை வாங்கினாள். முதல் வரியில் ஆள்காட்டி விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, கடைசி வரி வரை படித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து என் கையால் எழுதிய எதையும் அவள் அப்படித்தான் படிக்கிறாள். இதையும் அப்படித்தான் படிப்பாள்.